‘இறக்கம்’ என்ற ஒரு சொல்: சமூகப் பதகளிப்பு என்றால் என்ன, அதை எப்படிக் குறைப்பது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் களுதாவளை. அதற்கு ஒரே ஒரு சொல் போதும். "இறக்கம்!" கொண்டக்டரின் காதில் விழுந்தால் மணியை அடிப்பார், பஸ் நிற்கும். தேற்றாத்தீவு வரும்போதே அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். எங்கள் ஒழுங்கை வரும். நெஞ்சு இடிக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறு யாராவது அதே இடத்தில் இறங்கினால் தப்பித்தேன். இல்லாவிட்டால் களுவாஞ்சிகுடி வரைக்கும் போய், சனத்தோடு சனமாக இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடப்பேன். அப்போது எனக்கு 22 வயது. ஏன் பிந்தினாய் என்று அம்மா கேட்டால், "பஸ்ஸில நித்திரையாகிப் போனன்" என்பேன்.

இதை வெக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். "அவ சரியான வெக்கக்காரி" என்று மாமிமார் சொல்லும்போது அதில் ஒரு பாராட்டுக்கூட இருக்கும். பொம்பிளைப் பிள்ளை என்றால் அப்படி இருப்பது நல்லதுதானே என்ற நினைப்பு. ஆனால் வெக்கம் வேறு, இது வேறு. வெக்கப்படுகிறவர் புது ஆட்களுக்கு முன்னால் முதலில் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார், பழகியதும் சரியாகிவிடுவார். அவருடைய வாழ்க்கையில் எதுவும் அதனால் நின்றுபோகாது. எனக்கு அப்படி இல்லை. இரண்டு வேலைகளுக்கு நேர்முகக் கடிதம் வந்தும் நான் போகவில்லை. கடையில் மிச்சக் காசு பிழையாகத் தந்தால் கேட்காமல் வந்துவிடுவேன். போன் அடித்தால் அது நிற்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கு நம் நாட்டில் வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் வைத்திருக்கும் பெயர் ‘சமூகப் பதகளிப்பு’. பதகளிப்பு நமக்குப் புதிய சொல் இல்லை. டியூஷனுக்குப் போன பிள்ளை இருட்டியும் வராவிட்டால் தாய் வாசலில் பதகளித்துப்போய் நிற்பாளே, அதே சொல். அந்தப் பதகளிப்பு மற்ற மனிதருக்கு முன்னால் வந்து, "என்னைப் பற்றி மட்டமாக நினைத்துவிடுவார்களோ" என்ற ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டு நின்றால் அது சமூகப் பதகளிப்பு. பேசுவதற்குத்தான் என்றில்லை. நாலு பேர் பார்க்கச் சாப்பிடுவது, வங்கியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கையெழுத்து வைப்பது, வந்தவர்களுக்குத் தட்டில் தேத்தண்ணி கொண்டுபோவது, எதிலும் வரலாம்.

1966இல் லண்டனில் பணிபுரிந்த மனநல வைத்தியர்களான ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் பலவித அச்சங்கள் எந்தெந்த வயதில் தொடங்குகின்றன என்று ஆராய்ந்தபோது, மனிதர்களுக்கு முன்னால் வரும் இந்த அச்சத்தைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூலில் அது ஒரு நோயாக இடம்பெற்றது. பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகிறது. எனக்கு 14 வயதில், பாடசாலைக் காலைக்கூட்டத்தில் ஒரு குறளை வாசிக்கப் போய்க் குரல் நடுங்கிய அன்று தொடங்கியது. முன்வரிசை சிரித்தது, ஓர் ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். ஒரு நாள் சிரிப்பு மட்டும் ஒருவரை இப்படி ஆக்கிவிடாது. பிறவிக் குணம், வளர்ப்பு, பட்ட அனுபவம் மூன்றும் கலந்துதான் வரும். ஆனாலும் அந்த நாள் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

உடம்பில் என்ன நடக்கிறது?

பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யுமோ அதையேதான் செய்கிறது. மூளை ஆபத்து என்று முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ அடிக்கவோ தசைகளுக்கு இரத்தம் வேண்டும் என்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது. உடம்பு சூடேறாமல் இருக்க வேர்க்கிறது. வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது, முகம் சூடாகிறது. இதில் எதுவும் கோளாறு இல்லை. பாம்பே இல்லாத இடத்தில் பாம்புக்கான ஏற்பாடு நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் படபடப்பு ஏறிக்கொண்டே போகாது. உச்சிக்குப் போய், நாம் அங்கேயே நின்றால் தானாக இறங்கும். நம்மில் பலர் அது இறங்குவதைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் உச்சியில் இருக்கும்போதே இடத்தை விட்டு ஓடிவிடுகிறோம். ஓடியதும் நிம்மதி வருகிறது. "ஓடியதால்தான் தப்பினேன்" என்று மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமாக வருகிறது.

மனசுக்குள் நடப்பது

1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தச் சுழற்சியை விளக்கினார்கள். அதைப் படித்தபோது யாரோ எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

அவர்கள் சொல்வது இது. பயம் வந்ததும் நம் கவனம் வெளியே இருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதில்லை. என் குரல் எப்படி இருக்கிறது, கை நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று நம்மையே காவல் காக்கிறோம். உள்ளே உணர்வதை வைத்து வெளியே எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறோம். நெஞ்சு இடிப்பது எனக்குப் பறை மேளம் போலக் கேட்கிறது, ஆகவே பஸ் முழுக்கக் கேட்கும் என்று நம்புகிறேன். அந்தப் படம் பெரும்பாலும் பொய்.

அப்புறம் தப்பிக்கும் வித்தைகள். தேவையே இல்லாமல் போனை நோண்டுவது, கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பது, கலியாண வீட்டில் நேரே குசினிக்குள் போய் வேலை செய்கிறவர்களோடு ஒளிந்துகொள்வது, கடைக்குத் தம்பியை அனுப்புவது, சொல்லப்போகும் வசனத்தை முப்பது தரம் ஒத்திகை பார்ப்பது. இவை உதவி போலத் தெரியும், ஆனால் பயத்துக்குச் சோறு போடுவது இவைதான். ஒன்றும் நடக்காவிட்டால், "கோப்பையை இரண்டு கையால் பிடித்ததால்தான் மானம் போகவில்லை" என்று நினைப்போம். பயந்தது நடந்திருக்காமலே இருந்திருக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

கடைசியில், வீட்டுக்கு வந்து படுத்த பிறகு நடக்கும் விசாரணை. நான் அப்படிச் சொன்னேனே, அவ ஏன் அப்படிப் பார்த்தா, ஏன் ஒன்றும் பேசாமல் போனா? இரவு ஒரு மணிக்கு அந்த வழக்கில் நீதிபதியும் நாமே, குற்றவாளியும் நாமே. தீர்ப்பு என்றைக்கும் ஒன்றுதான்.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களா?

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பலரும் சொல்வார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு, போட்டால் வெக்கமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் போட்ட டீ-சேட்டைக் கொடுத்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டபோது, ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான். நம்மைப் பற்றி நமக்கிருக்கும் கவலை மற்றவர்களுக்கு இல்லை. அவரவருக்கு அவரவர் சேட்.

இதை நம்புகிறேன். ஆனால் நம் ஊருக்கு இது முழுப் பதிலும் ஆகாது. கோர்னெலில் அந்த அறைக்குள் இருந்தவர்கள் யாரும், "நீ ஆர்ர மகள்?" என்று கேட்கப்போவதில்லை. இங்கே கேட்பார்கள். கோயில் வீதியில் நடந்தால் தாய் யார், என்ன குடி, ஏன் மெலிந்துபோனாய், எப்ப கலியாணம் என்று கேட்டுத்தான் விடுவார்கள். நம்மை நாலு பேர் பார்க்கத்தான் செய்கிறார்கள். அதனால் "யாரும் உன்னைப் பார்க்கல்ல" என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால் அது நம்பாது. அதை விட உண்மையானது, பார்த்தாலும் அதைத் தாங்கலாம் என்பது. பார்ப்பார்கள், கேட்பார்கள், இரண்டு நிமிடத்தில் மாட்டை, வயலை, மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

நம் பெற்றோரின் காலத்தையும் இதில் மறக்கக்கூடாது. 2009இல் யுத்தம் முடியும் வரைக்கும் சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு, ஒருவர் கண்ணிலும் படாமல் போவது உயிரைக் காப்பாற்றிய பழக்கம். "குனிஞ்ச தலை நிமிராமப் போ, கேட்டா மட்டும் பதில் சொல்லு" என்று அவர்கள் சொன்னதில் அன்புதான் இருந்தது. அந்தப் புத்தி வீட்டுக்குள் இன்னும் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம் மொழி. கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கத்திலிருந்து அம்பாறைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிறவர்கள் பலர் சிங்களம் சரியாக வராது என்று கதவடியிலேயே தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தை நோய் என்று சொல்லக்கூடாது, அது உண்மையான தடை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. விஷயத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேட்கலாம். கேட்பதற்கே வாய் வராவிட்டால்தான் நாம் இங்கே பேசும் விஷயம் தொடங்குகிறது.

குறைப்பது எப்படி?

முதலில் என் மாமாவின் கதையைச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். வயல்காரர். கமக்காரர் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி வருகிற ஆள். அதே மாமா வடமோடிக் கூத்தில் தருமருக்கு ஆடியதை நான் சின்ன வயதில் பார்த்தேன். வட்டக்களரி, நாலு பக்கமும் சனம், ஒளிய ஒரு மூலைகூட இல்லை. விடிய விடிய ஆடினார். "எப்பிடி மாமா ஏலுமாப் போச்சு?" என்று வளர்ந்த பிறகு கேட்டேன். "ஒரே நாள்ல ஆர் புள்ள களரிக்கு ஏத்தினது?" என்றார்.

உண்மைதான். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவருக்குரிய பாட்டுகள் எழுதிய ஏடு. அப்புறம் பல நாள் இரவில் மத்தளத்துக்கு ஆட்டம் பழகுவார்கள், பார்க்க ஊர்ப் பிள்ளைகள் சிலர் மட்டும் இருப்பார்கள். பிறகு சதங்கை அணியும் நாள். காலில் சதங்கை கட்டி, கொஞ்சம் கூடுதலான ஆட்களுக்கு முன்னால் ஆட வேண்டும். அதற்குப் பிறகு அடுக்குப் பார்ப்பது, உடுப்பு மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் முழுக் கூத்துப் போல. கடைசியில்தான் அரங்கேற்றம். மாமாவின் பயம் முதல் நாளே போய்விடவில்லை. பயம் போகட்டும், பிறகு ஆடுவோம் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. ஆட ஆடத்தான் அது குறைந்தது.

சமூகப் பதகளிப்புக்கு இன்று உலகம் முழுவதும் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சையின் உயிர்நாடியும் இதுதான். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதைச் சொல்வார்கள். பயத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, கீழ்ப் படியிலிருந்து ஏறுவது. ஏறும்போது தப்பிக்கும் வித்தைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுவது. என்ன நடக்கும் என்று பயந்தோமோ அதையும், உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டேன். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அதை 100க்கு எவ்வளவு நம்புகிறேன், என்ன நடந்தது.

முதல் படி, முன் சீட்டில் இருந்து, ரிக்கெட் எடுக்கும்போதே "களுதாவளையில இறக்கிவிடுங்க அண்ணன்" என்று மெல்லச் சொல்வது. ஐந்து நாள் அதையே செய்தேன். ஐந்தாம் நாள் அது அலுத்துப்போனது. அலுப்பு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்று அர்த்தம்.

இரண்டாம் படி, நடு சீட்டில் இருந்து, இடம் வந்ததும் "இறக்கம்" என்பது. கொப்பியில் எழுதினேன்: ‘எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 80.’ அன்று நடந்தது: கொண்டக்டர் மணியை அடித்தார். பக்கத்தில் இருந்த வயதான அம்மா நான் போவதற்குக் காலை மடக்கித் தந்தார். அவ்வளவுதான். மூன்றாம் படியில், மனசுக்குள் ஒத்திகை பார்ப்பதை விட்டேன். அது சொல்லைச் சொல்வதை விடக் கஷ்டமாக இருந்தது. ஒத்திகை வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, ரோட்டோரக் கடைகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தேன். கவனத்தை உள்ளேயிருந்து வெளியே எடுத்துப்போடுவது என்பது நடைமுறையில் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஒருவரோடு பேசும்போதென்றால் அவர் சொல்வதைக் கேட்பது, அவர் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்று பார்ப்பது.

நான்காம் படி, மாலை நேர நெரிசலில், பின்னால் நின்றபடி சத்தமாகச் சொல்வது. சொன்னேன். குரல் கீச்சென்று போனது. பாடசாலைப் பையன் ஒருவன் சிரித்தான், இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது. பஸ் நின்றது, இறங்கினேன். ஒழுங்கை முடியும் வரைக்கும் காது சுட்டது. வீட்டுக்கு வந்து அம்மா வைத்திருந்த சோற்றைத் தின்றேன், மீன் குழம்பு ருசியாக இருந்தது. கொப்பியில் அந்தப் பக்கம்தான் எனக்கு மற்ற எல்லாப் பக்கங்களையும் விடப் பெறுமதியானது.

அன்றிரவு விசாரணை தொடங்கியபோது, அந்த மூன்று கட்டங்களையும் நிரப்பிவிட்டுக் கொப்பியை மூடினேன். பிறகும் மனம் இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த நாளுக்கு உடுப்பு மினுக்கினேன். யோசிக்காதே என்று மனசோடு சண்டை பிடித்தால் அது இன்னும் யோசிக்கும். கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது.

உங்கள் படிகள் வேறாக இருக்கும். போனில் பேசப் பயம் என்றால், முதலில் தெரிந்தவருக்குக் குரல் செய்தி, பிறகு கடைக்கு அழைத்து எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று மட்டும் கேட்பது, பிறகு நீளமான அழைப்பு. ஒரு படியில் பயம் பாதியாவது குறையும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் செய்தால் பலன் குறைவு, கிழமையில் நாலைந்து தரம் வேண்டும்.

மூச்சை மெதுவாக விடுவது உதவும், குறிப்பாக வெளிவிடும் மூச்சை நீட்டினால். ஆனால் "மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் பேச ஏலாது" என்று ஆனால் அதுவும் ஒரு தப்பிக்கும் வித்தையாகிவிடும். சாராயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாண வீட்டுக்குள் நுழையுமுன் பின்வளவில் ஒன்று போட்டுவிட்டு வந்தால்தான் நாலு பேரோடு கதைக்க வரும் என்கிற ஆண்கள் நம் ஊரில் குறைவில்லை. அவர்களில் சிலரிடம் இருப்பது இதே பயம்தான், யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மது அந்த இரவுக்குப் பயத்தை அமுக்கும், அடுத்த நாள் கூட்டித் தரும். ஒன்றுக்குச் சிகிச்சை தேடாமல் இரண்டு நோயோடு நிற்க வேண்டிவரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிள்ளையிடம் யாராவது பேர் கேட்டால், பிள்ளை வாய் திறக்குமுன் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஐந்து வினாடி பொறுங்கள், அது நீளமாகத் தெரியும், பரவாயில்லை. வந்தவர்களுக்கு முன்னால் "இவன் ஊமையன்" என்று சொல்ல வேண்டாம். எல்லாம் சரியாகும் என்று திடீரென மேடையில் ஏற்றிவிடவும் வேண்டாம். அண்ணாவியாரே அப்படிச் செய்வதில்லை. கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கி வரச் சொல்லுங்கள். வந்ததும் மிச்சக் காசை எண்ணாமல், போய்வந்ததைக் கவனித்தீர்கள் என்று காட்டுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

ஆறு மாதத்துக்கு மேலாக இந்தப் பயம் இருந்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ தடுக்கிறது என்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கம் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை பெரும்பாலும் சில மாதங்களுக்கு, கிழமைக்கு ஒரு அமர்வாக நடக்கும். சிலருக்கு செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்துகளும் கொடுப்பார்கள். அவை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், நினைத்தபடி நிறுத்தக்கூடாது. கிளினிக்கில் தெரிந்த முகம் ஏதும் கண்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. கண்டேன். அவரும் என்னைப் போலவே கையில் துண்டுச் சீட்டோடு வாங்கில் இருந்தார்.

அங்கே போய்ச் சொல்ல வாய் வராதே என்று நினைத்தால் எழுதிக்கொண்டு போங்கள். நான் கொப்பித் தாள் ஒன்றில் எழுதி மடித்துக் கொண்டுபோனேன்: ‘ஆட்களுக்கு முன்னால் பேசப் பயம். 14 வயதிலிருந்து. இரண்டு நேர்முகத்துக்குப் போகவில்லை. பஸ்ஸில் இறக்கம் என்று சொல்ல முடியவில்லை. சாக வேண்டும் என்று எண்ணம் இல்லை.’ மேசையில் வைத்துவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். "சரி, பஸ்ஸிலயிருந்தே தொடங்குவமா?" என்று கேட்டார்.